அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்ததா, நின்றதா?

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதுகிறவர்கள் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் ‘பி’ வாங்க வேண்டும். எழுதுவதற்கு ‘சி பிளஸ்’ போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்து, அதை வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். மருத்துவச் சொற்களில் அவர்களுக்குச் சிக்கலே இல்லை. ‘ஹைப்போடென்ஷன்’, ‘டிஸ்ஃபேஜியா’ என்றால் கண் இமைக்காமல் பதில் சொல்வார்கள். வார்டுக்குள் வந்த பிறகு அவர்களைத் திணறவைப்பது ‘கோ’, ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’ மாதிரியான குட்டிச் சொற்கள்தான். கூடவே ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும்போது, தெரிந்த இரண்டு சொல் சேர்ந்து தெரியாத ஒன்றாகிவிடுகிறது.

நான் வட இங்கிலாந்தில், யார்க்‌ஷையர் பக்கம், வயதானவர்களுக்கான மருத்துவ வார்டில் வேலை பார்க்கிறேன். இப்போது புதிதாக வருகிறவர்களைக் கூடவே வைத்துப் பழக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. கேரளத்துப் பெண்கள், நம் பிள்ளைகள், பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. நம் பிள்ளைகள் வந்தால் முதல் நாளே நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வினை ‘கோ ஆஃப்’. அதை முதலில் எடுப்பதற்குக் காரணம், ஒரே ஷிஃப்டில் அதன் எல்லா அர்த்தமும் காதில் விழும். அதில் ஓரிரண்டைப் புரிந்துகொள்ளாமல் விட்டால் நோயாளிக்கே ஆபத்து.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் காலை ஹேண்ட்ஓவரைக் கேளுங்கள். இரவு முழுக்க வேலை பார்த்த சிஸ்டர், கையில் மடித்த தாளோடு படபடவென்று சொல்லிக்கொண்டு போவார். நாலாம் பெட், ‘ஆஃப் லெக்ஸ்’ என்று வந்தவர். ஆறாம் பெட், ‘ஹீஸ் கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்’. ஒன்பதாம் பெட், ‘ஹெர் பம்ப் கெப்ட் கோயிங் ஆஃப் ஆல் நைட்’. பத்தாம் பெட், வயிற்று வலி, ‘இட்ஸ் கான் ஆஃப் எ பிட்’. பதினோராம் பெட், ‘ஹீ வென்ட் ஆஃப் அரவுண்ட் த்ரீ’, அவுட்ரீச் டீம், அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவின் குழு, வந்து பார்த்தது. ஃபிரிட்ஜில் இருக்கிற பாலைத் தொடாதீர்கள், ‘இட்ஸ் கான் ஆஃப்’. கடைசியாக, ‘ரைட், ஐம் கோயிங் ஆஃப்’ என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வரிசையாக இதற்கு அர்த்தம் பாருங்கள். நாலாம் பெட்காரருக்கு நடமாட்டம் விட்டுப்போய்விட்டது. ஆறாம் பெட்காரருக்குச் சாப்பாட்டில் நாட்டம் இல்லை. ஒன்பதாம் பெட் அம்மாவுக்கு மருந்து ஏற்றும் பம்ப் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. பத்தாம் பெட்டில் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. பதினோராம் பெட்காரருக்கு மூன்று மணி வாக்கில் உடம்பு திடீரென்று மோசமாகிவிட்டது. பால் கெட்டுவிட்டது. சிஸ்டர் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகிறார்.

நமக்கு ‘ஆஃப்’ என்பது சுவிட்சோடு வந்த சொல். ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆஃப் பண்ணு, செல்லை ஆஃப் பண்ணிட்டான். தமிழுக்குள் வந்து தமிழாகவே ஆகிவிட்ட சொல் அது. அதற்கு ஒரே அர்த்தம், நின்றுவிட்டது. அந்தக் காதோடு ‘த அலாரம் வென்ட் ஆஃப்’ என்று கேட்டால், சரி, அலாரம் நின்றுவிட்டது, இனி கவலையில்லை என்றுதான் மனது எடுத்துக்கொள்ளும். உண்மை நேர் எதிர். அலாரம் அடித்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். ‘த லைட்ஸ் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. ‘த அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் உயிர்பெற்றது. ‘த அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்டு இட் ஆஃப்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்வார்கள். அடித்தது, நிறுத்தினேன். இங்கிலீஷ்காரர்களுக்கு அதில் முரண்பாடு இருப்பதே தெரியாது.

இதை ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டால் மறக்காது. பழைய சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங்கைச் சுற்றி இறுக்கி, ஒரு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். நேரம் வந்ததும் கொக்கி விலகும், ஸ்பிரிங் அவிழும், சுத்தி மணியை அடிக்கும். துப்பாக்கியிலும் அதே கதைதான்: குதிரையை இழுத்து வைத்திருக்கிறது, விசையை அழுத்தினால் அது விடுபட்டுப் பாய்கிறது. ‘த கன் வென்ட் ஆஃப்’ என்றால் துப்பாக்கி வெடித்தது. ‘ஆஃப்’ என்பதற்கு அடிப்படையில் ‘விலகி’ என்றுதான் பொருள். ‘ஆஃப்’ (off), ‘ஆவ்’ (of) என்று இன்று இரண்டாக எழுதும் சொற்கள் முன்பு ஒரே சொல்லாக இருந்தவை. அழுத்திச் சொன்ன வடிவம் ‘ஆஃப்’ என்று தனியாகப் பிரிந்தது. எதிலிருந்து விலகுகிறது என்பதுதான் ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறது. அலாரம் சும்மா இருந்த நிலையிலிருந்து விலகுகிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்த நிலையிலிருந்து விலகுகிறது. பால் நல்லதாக இருந்த நிலையிலிருந்து விலகுகிறது.

இந்த விளக்கம் சரிதான். ஆனால் ஹேண்ட்ஓவரில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசும்போது, எது எதிலிருந்து விலகியது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு நிஜமாகக் கைகொடுத்தது வேறு ஒன்று. அது தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.

நாம் ‘போ’ என்கிற வினையை எப்படியெல்லாம் இன்னொரு வினையின் பின்னால் கோக்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். பால் கெட்டுப்போச்சு. விளக்கு அணைஞ்சுபோச்சு. தாத்தா அப்படியே தூங்கிப்போயிட்டார். சாப்பாடே வெறுத்துப்போச்சு. வலி விட்டுப்போச்சு. நடை விட்டுப்போச்சு. உடம்பு ரொம்ப மோசமாப் போச்சு. எல்லாரும் கிளம்பிப்போயிட்டாங்க. கல்யாணம் நல்லபடியாப் போச்சு. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘கோ ஆஃப்’ போட்டுப் பேச முடியும். கல்யாணம் நல்லபடியாப் போச்சு என்பதைக்கூட ‘இட் வென்ட் ஆஃப் வெல்’ என்பார்கள். பக்கத்து ஆர்த்தோ தியேட்டரில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி சொன்னாள்: இடுப்பு மாற்று ஆபரேஷனில் எலும்பு சிமென்ட்டைக் குழைத்து வைத்த பிறகு, அது இறுகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும், பத்து நிமிடம் முன்பின் ஆகும். சர்ஜன் கேட்கும் கேள்வி, ‘ஹேஸ் இட் கான் ஆஃப்?’ கட்டட வேலைக்காரர்கள் காங்கிரீட்டுக்குச் சொல்லும் அதே சொல். நம் கொத்தனாரைக் கேட்டால் என்ன சொல்வார்? கலவை இறுகிப்போச்சு. அங்கேயும் ‘போச்சு’!

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ‘கான் ஆஃப்’, ‘வென்ட் ஆஃப்’ என்று காதில் விழுந்தால், அகராதியில் இருக்கும் பத்து அர்த்தத்தையும் தேடாதே. மனசுக்குள்ளே ‘போச்சு’ என்று வை. அப்புறம் எது போச்சு என்று பார். பால் என்றால் ‘கெட்டு’ என்பது தானாகவே முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். வலி என்றால் ‘விட்டு’ வரும். மனுஷன் என்றால் மட்டும் நிறுத்து, கேள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எழுவாய்தான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை என்று படித்ததெல்லாம் இங்கே சோறு போடுகிறது.

இதற்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இது கேட்பதற்கான சாவி மட்டும்தான், பேசுவதற்கு உதவாது. தமிழில் ‘போ’ இதைவிடப் பல இடங்களில் வரும். பயந்துபோனேன், மறந்துபோச்சு, கண்ணாடி உடைஞ்சுபோச்சு. இவற்றையெல்லாம் ‘கோ ஆஃப்’ என்று திருப்பினால் யாருக்கும் புரியாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது பாதை திறந்திருக்கிறது, திரும்பிப் போகும்போது இல்லை.

‘போச்சு’ பொருந்தாத ஒரே கூட்டம், வெடிக்கிறதும் அலறுகிறதும். குண்டு, துப்பாக்கி, பட்டாசு, தீ எச்சரிக்கை மணி, பம்ப், மானிட்டர், செல்போன் அலாரம், டாக்டரின் பிலீப் (இடுப்பில் மாட்டும் பேஜர்). இவற்றுக்கு நாம் அடிச்சுது, வெடிச்சுது, கத்துச்சு என்கிறோம். இதை மட்டும் தனியாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். சத்தம் போடக்கூடிய பொருள் எழுவாயாக இருந்தால் ‘கோ ஆஃப்’ என்பது சத்தம் போட்டது. கோபமும் இந்தப் பக்கம்தான் சேரும்: ‘ஹிஸ் சன் வென்ட் ஆஃப் ஆன் ஒன்’ என்றால், அவர் மகன் ஆத்திரப்பட்டுக் கத்தித் தீர்த்துவிட்டார். நாமும் ‘மனுஷன் வெடிச்சுட்டார்’ என்றுதானே சொல்கிறோம்.

பிலீப் என்றதும் ஒன்று. பேஜர்களை 2021 முடிவுக்குள் ஒழித்துவிட வேண்டும் என்று 2019-ல் அரசு அறிவித்தது. ஆனாலும் அவசர அழைப்புக்கான பிலீப் எங்கள் டாக்டர்களின் இடுப்பில் இன்னமும் தொங்குகிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் டாக்டர், ‘ஸாரி, மை பிலீப்ஸ் கான் ஆஃப்’ என்று சொல்லிவிட்டு ஓடுவார். பிலீப் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அவரை வேறெங்கோ அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாம் கேட்க வந்ததை அவர் திரும்பி வரும்வரை வைத்திருக்கலாமா, அல்லது வேறு டாக்டரைப் பிடிக்க வேண்டுமா என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு துணை வினையும் கூடவே தெரிந்திருக்க வேண்டும்: ‘செட் ஆஃப்’. அலாரம் தானாக அடித்தால் ‘வென்ட் ஆஃப்’. யாரோ அடிக்க வைத்தால் ‘செட் இட் ஆஃப்’. நம் தன்வினை, பிறவினை மாதிரிதான். ‘ஹூ செட் த ஃபயர் அலாரம் ஆஃப்?’ என்றால் மணியை அணைத்தது யார் என்று கேட்கவில்லை. அடிக்க வைத்தது யார் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் டோஸ்டர்தான் காரணமாக இருக்கும். ‘செட் ஆஃப்’ போடும் இடத்தில் ‘ஐ வென்ட் ஆஃப் த அலாரம்’ என்று சொல்லக் கூடாது, அதற்கு ‘எனக்கு அந்த அலாரம் பிடிக்காமல் போய்விட்டது’ என்று அர்த்தமாகிவிடும்.

அந்தப் ‘பிடிக்காமல் போவது’ தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ‘கோ ஆஃப்’ என்பதற்குப் பின்னால் நேராக ஒரு பொருளோ ஆளோ வந்தால், அதன்மேல் இருந்த ஆசை போய்விட்டது என்று அர்த்தம். ‘ஐ’வ் கான் ஆஃப் டீ’ என்றால் எனக்கு டீ வெறுத்துப்போச்சு. ‘ஷீஸ் கான் ஆஃப் ஹிம்’ என்றால் அவளுக்கு அவன்மேல் இருந்த பிரியம் போய்விட்டது. வார்டில் தினமும் கேட்பது ‘ஹீஸ் கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்’. இதை அப்படியே திருப்பிப் போட்டு ‘ஹிஸ் ஃபுட்ஸ் கான் ஆஃப்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் மனுஷனுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. இரண்டாவதில் சாப்பாடு கெட்டுப்போச்சு. அதே சொற்கள், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. தமிழில் ‘அவருக்குச் சாப்பாடு’, ‘சாப்பாடு அவருக்கு’ என்று எப்படி மாற்றிச் சொன்னாலும் வேற்றுமை உருபு காப்பாற்றும். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை, அங்கே இடம்தான் உருபு. முதலாவதைக் கேட்டால் நோயாளியைப் பார்க்கப் போக வேண்டும், இரண்டாவதைக் கேட்டால் தட்டை எடுக்கப் போக வேண்டும்.

ஒரு பெரியவர் இருந்தார். விவசாயி, பெரிய ஆகிருதி, காலைக் கஞ்சியை வழித்துச் சாப்பிடுகிறவர். அவர் மகள் மதியம் வந்தவள் என்னிடம், ‘லவ், மை டாட்ஸ் கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்’ என்றாள். இந்த ஊரில் நர்ஸையும் கடைக்காரரையும் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம் பக்கம் ‘கண்ணு’ என்கிற மாதிரி. அவர் தட்டைப் பார்த்தேன். ரொட்டியின் ஓரம் மட்டும் கடித்து வைத்திருந்தார், டீயில் ஆடை படிந்திருந்தது. சாப்பாடு சூடாகத்தான் வந்தது, கெடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நாக்கு முழுக்க வெள்ளைப் படலம், பல்செட்டுக்குக் கீழே சிவந்து புண்ணாக இருந்தது. ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு வாயில் பூஞ்சைத் தொற்று. டாக்டரிடம் சொல்லி மருந்து எழுதி வாங்கினோம், எடை பார்த்தோம், சாப்பாட்டு அட்டவணை ஆரம்பித்தோம். சில நாளில் பழையபடி கஞ்சி கேட்டார். மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு அறிகுறி முழுசாக இருந்தது. வயதானவர்கள் பசி போய்விட்டது என்று தாங்களாகச் சொல்வது அபூர்வம். வாய்ப்புண், மலச்சிக்கல், மருந்தின் கசப்பு, மனச்சோர்வு, விழுங்க முடியாமை, நெஞ்சில் சளி என்று பின்னால் எதுவும் இருக்கலாம். ‘ஆஃப் லெக்ஸ்’ என்பதும் அப்படித்தான். நேற்று வரை நடந்தவர் இன்று எழவில்லை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, பக்கவாதம், கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவு, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து என்று தேட வேண்டிய பட்டியலின் தலைப்பு.

இப்போது மனுஷன் எழுவாயாக வரும் இடம். முன்னால் சொன்னேன் அல்லவா, அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று. ‘ஹீஸ் கான் ஆஃப்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் மூன்று அர்த்தம் இருக்கலாம். தூங்கிவிட்டார். வார்டை விட்டு எங்கோ போயிருக்கிறார். அல்லது உடம்பு திடீரென்று மோசமாகிவிட்டது. மூன்றாவதுதான் உயிர்ப் பிரச்சினை. முதலாவதும் மூன்றாவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், கூப்பிட்டால் பதில் மெதுவாக வருகிறது.

வாக்கியத்தில் துப்பு இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். ‘ஆஃப் டு ஸ்லீப்’, ‘ஆஃப் டு தியேட்டர்’, ‘ஆஃப் ஃபார் எ ஸ்கேன்’ என்று வால் நீண்டால் பிரச்சினை இல்லை. தியேட்டர் என்றால் ஆபரேஷன் தியேட்டர்தான். ‘ஆஃப் சிக்’ என்றால் அது நோயாளி இல்லை, உடம்பு சரியில்லாமல் லீவில் இருக்கும் ஊழியர். ‘ஷீஸ் கோயிங் ஆஃப்’ என்று குரலை இறுக்கி, கண்ணை மானிட்டர்மேல் வைத்துச் சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆனால் போனிலோ, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தோ கேட்டால் முகம் தெரியாது. ஊகிக்காதீர்கள். ‘டூ யூ மீன் ஹீஸ் அஸ்லீப், ஆர் ஹீஸ் டிட்டீரியரேட்டிங்?’ என்று நேராகக் கேளுங்கள். இப்படிக் கேட்பவளை இதுவரை யாரும் இளக்காரமாகப் பார்த்ததில்லை, சீனியர்கள் இன்னும் மதிப்பார்கள். ‘ஸாரி?’ என்று மட்டும் கேட்டால் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். இரண்டு அர்த்தத்தையும் முன்னால் வைத்துக் கேட்டால்தான் விடை வரும்.

கேட்ட கையோடு அளந்துவிட வேண்டும். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, உடல் வெப்பம் என்று ஆறையும் பார்த்து, ஆக்சிஜன் வைத்திருக்கிறாரா என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிற நியூஸ் (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்) முறை இங்கே 2012-ல் வந்தது, 2017-ல் திருத்தப்பட்டது. மொத்தம் 5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும். 7-ஐத் தொட்டால் அவசர சிகிச்சைக் குழு வர வேண்டும். இதயம் நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி போனில் 2222. ‘வென்ட் ஆஃப்’ என்பது ஒருவரின் உள்ளுணர்வு. நல்ல நர்ஸின் உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு, ஆனால் டாக்டரைக் கூப்பிடும்போது எண்தான் பேசும்.

‘ஹீஸ் கான்’ என்று ‘ஆஃப்’ இல்லாமல் சொன்னால் இறந்துவிட்டார் என்று அர்த்தமாகலாம். ‘பாஸ்டு’, ‘பாஸ்டு அவே’ என்றாலும் அதுவே. ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்தார். நாம் ஊரில் ‘2015-ல் பாஸ் அவுட் ஆனேன்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே அப்படிச் சொன்னால் படிப்பு முடித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, ‘ஹீ ட்ராப்ட் ஆஃப் அட் டூ’. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று பதறத் தோன்றும். இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தார், அவ்வளவே. விழுந்திருந்தால் ‘ஹேட் எ ஃபால்’ என்பார்கள். ‘நாடட் ஆஃப்’, ‘டோஸ்டு ஆஃப்’ எல்லாம் தூக்கத்தின் சொந்தக்காரர்கள்.

வலிக்கு ‘கான் ஆஃப்’ நல்ல செய்தி என்பதையும் மறந்துவிடக் கூடாது. வலி விட்டுப்போச்சு. மருந்து வேலை செய்தது. ஆனால் மருந்தின் வேகம் குறைந்தால் ‘வோர்ன் ஆஃப்’ என்பார்கள். ‘த பெயின்ஸ் வோர்ன் ஆஃப்’ என்றால் வலி மெல்லத் தணிந்தது, ‘த பெயின்கில்லர்ஸ் வோர்ன் ஆஃப்’ என்றால் மருந்தின் பலன் தீர்ந்து வலி திரும்பப் போகிறது. இங்கேயும் எழுவாயைப் பிடித்தால் போதும்.

உச்சரிப்பில் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாம் ‘ஆஃப்’ என்று நெடிலாக இழுக்கிறோம். ஆங்கிலத்தில் அது குறில், ‘ஒஃப்’ என்பதற்கு நெருக்கம். பாதி என்பதற்கான ‘ஹாஃப்’தான் நெடில். வட இங்கிலாந்தில் பலர் அதன் ‘ஹ’வை விழுங்கிவிடுவார்கள். ஆக, நாம் சொல்லும் ‘ஆஃப்’ அவர்கள் காதில் ‘பாதி’ என்று விழ வாய்ப்பு இருக்கிறது. சாதாரணப் பேச்சில் பரவாயில்லை. ‘ஹீஸ் ஆஃப் த டேப்லெட்’ என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டார். ‘ஹீஸ் ஆன் ஹாஃப் எ டேப்லெட்’ என்றால் அரை மாத்திரை எடுக்கிறார். மருந்து விஷயத்தில் நான் இரண்டையுமே தவிர்த்துவிடுவேன். ‘ஸ்டாப்டு’ என்பேன், அரை மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்குச் சொல்வேன். ‘கேம் ஆஃப் ஹிஸ் வார்ஃபரின்’ என்று உறவினர் சொன்னால், ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தை நிறுத்திவிட்டார் என்று புரிந்துகொண்டு, யார் நிறுத்தச் சொன்னது, எப்போது என்று கேட்பேன்.

‘ஆஃப் டியூட்டி’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், வந்த வாரத்திலேயே குழப்பும். ‘ஐம் ஆஃப் டியூட்டி’ என்றால் வேலையில் இல்லை. ‘ஹேவ் யூ சீன் த ஆஃப் டியூட்டி?’ என்றால் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். யாருக்கு எப்போது வேலை என்று போடும் தாளுக்குப் பெயர் ‘ஆஃப் டியூட்டி’. இங்கத்து நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறார்கள், கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எப்படிப் படிப்பது என்று கேட்பார்கள். ஃபிரேசல் வெர்ப், அதாவது இப்படி வால் ஒட்டிய வினைகளின் பட்டியலை வாங்கி ‘ஏ’யிலிருந்து ‘இஸட்’ வரை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியலில் ‘கோ ஆஃப்’ என்பதற்கு நேரே ஏழெட்டு அர்த்தம் எண் போட்டு நிற்கும், எதுவும் மனதில் தங்காது. சின்ன நோட்டு ஒன்றைச் சீருடைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே, எழுவாயோடு எழுதுங்கள். ‘கோ ஆஃப்’ என்று தலைப்புப் போடாதீர்கள். ‘பால்’, ‘வலி’, ‘பம்ப்’, ‘தூக்கம்’, ‘சாப்பாடு’ என்று பொருளின் பெயரில் பக்கம் ஒதுக்குங்கள். பால் பக்கத்தில் ‘கான் ஆஃப்’ இருக்கும், கெடப்போகிற பாலுக்கான ‘ஆன் த டர்ன்’ பின்னாலேயே வந்து சேரும். தூக்கப் பக்கத்தில் ‘ட்ராப்ட் ஆஃப்’, ‘நாடட் ஆஃப்’, ‘ஸ்பார்க் அவுட்’ என்று நிரம்பும். பேச்சு எந்தப் பொருளைப் பற்றி என்பது நமக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து தேடுவது வேகமாக நடக்கும். நோயாளியின் பெயரோ பெட் எண்ணோ நோட்டில் வரக் கூடாது, அது ரகசியக் காப்பு விதி.

பட்டிமன்ற வேகத்தில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது கடைசிச் சொல்லின் அழுத்தத்தையும் கவனியுங்கள். வாக்கியம் ‘ஆஃப்’பில் முடிந்தால் அதன்மேல்தான் அழுத்தம் விழும்: ‘இட்ஸ் கான் ஆஃப்’. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் அதற்கு நகர்ந்துவிடும்: ‘ஹீஸ் கான் ஆஃப் ஹிஸ் ஃபுட்’. ‘ஃபுட்’ ஓங்கி ஒலித்தால் வெறுத்துப்போன கதை. பழகப் பழகக் காதுக்கே தெரிந்துவிடும்.

எழுதும்போது மட்டும் கறாராக இருங்கள். நோயாளியின் குறிப்பில் ‘வென்ட் ஆஃப் அட் த்ரீ’ என்று எழுதினால், மாலையில் படிக்கும் இன்னொரு ஊர் நர்ஸ் என்னவென்று எடுத்துக்கொள்வாள்? ‘3 மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் 88 சதவீதம், குழப்பமாகப் பேசினார், டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது’ என்று எழுத வேண்டும். ‘பம்ப் வென்ட் ஆஃப்’ என்பதற்குப் பதில், குழாய் அடைப்பு அலாரம் அடித்தது, ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது, மாற்றி வைத்தோம் என்று எழுத வேண்டும். உறவினர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதி, அடுத்த வரியில் நாம் பார்த்ததை எழுதுவது நல்ல பழக்கம். ‘மகள் சொன்னது: கான் ஆஃப் ஹிஸ் ஃபுட். காலை, மதியம் இரண்டு வேளையும் கால்வாசி சாப்பிட்டார். வாயில் வெள்ளைப் படலம்.’

பேச்சில் இந்தச் சொற்களை அவசரப்பட்டுப் பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. புரிந்துகொள்வது வேலைக்குத் தேவை. பேசுவது மெதுவாக வரட்டும். ‘த மில்க் இஸ் ஸ்பாய்ல்டு’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ‘த அலாரம் இஸ் ரிங்கிங்’ என்றாலும் புரியும். ராத்திரி டியூட்டியில் கீழே எக்ஸ்ரே பகுதியிலிருந்து போன் வந்து, ‘யுவர் மேன் இன் த எக்ஸ்ரே கியூஸ் கான் ஆஃப்’ என்று யாரோ சொன்னால் என்ன செய்வாய் என்று புதுப் பிள்ளைகளிடம் கேட்பேன். போன மாதம் வந்த திருநெல்வேலிப் பெண் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்: “தூங்கிட்டாரா, மோசமாயிட்டாரா, கிளம்பிப் போயிட்டாரான்னு கேப்பேன்க்கா. கேட்டுக்கிட்டே கீழ ஓடுவேன்.”